ஒருத்தருக்கு 2 செஷன், இன்னொருத்தருக்கு 24: இந்த டேட்டாவை என்ன செய்வது?

கேள்வி: வாசகி, பிப்ரவரி 11

உளவியலில் பிஎச்டி செய்கிறேன். கவுன்சலிங் மையத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால் ஓக்யூ-45 என்ற மனக்கஷ்டத்தை அளக்கும் கேள்விப் படிவம் நிரப்புகிறார்கள். அந்த மதிப்பெண்கள்தான் என் டேட்டா. சிலர் 2 தடவை வந்து நின்றுவிட்டார்கள், சிலர் 24 வரை வந்திருக்கிறார்கள். கைடு சொல்வது: ‘ஆறுக்குக் குறைவாக வந்தவர்களை எடுத்துவிடு. மற்றவர்களுக்கும் முதல் ஆறை மட்டும் வை. ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போடு.’ அப்படிச் செய்தால் பாதிப் பேருக்கு மேல் போய்விடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சராசரி எடுத்துவிட்டால் போதாதா? எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் முடிவு செல்லாது என்கிறாரே, உண்மையா சார்?

பிப்ரவரி 11, இரவு

உண்மை இல்லை. சம எண்ணிக்கை கேட்பது அந்தப் பழைய அனோவா கணக்கு, அதாவது சராசரிகளை ஒப்பிடும் முறை. காகிதத்தில் கூட்டிப் பெருக்கிய காலத்தில் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை இருந்தால் சூத்திரம் சுருங்கும். அந்த வசதி நாளடைவில் விதிபோல் ஆகி உட்கார்ந்துவிட்டது.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ரிப்பீட்டட் மெஷர்ஸ் மெனுவுக்குள் போனால் ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு செஷனுக்கு ஒரு நெடுவரிசை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த ஆளையே மொத்தமாகத் தூக்கிவிடும். உங்கள் கைடு ஆறு என்று சொன்னதற்குக் காரணம் ஆறில் ஏதோ மகிமை இருப்பதல்ல. அந்த மெனுவைத் திருப்திப்படுத்த எங்காவது வெட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: டேட்டாவை நீளவாக்கில் மாற்றுங்கள். ஒரு செஷனுக்கு ஒரு வரி. 2 செஷன் வந்தவருக்கு 2 வரி, 24 வந்தவருக்கு 24. பிறகு மிக்ஸட் மாடல், அதாவது கூட்டத்தின் பொதுப் போக்கையும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறை. அதே எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் இருக்கிறது, மெனுவில் கொஞ்சம் கீழே. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தால் அதில் எல்எம்இ4 பொதி.

இந்த மாடல்களைத் திரும்பத் திரும்ப அளக்கும் டேட்டாவுக்கென்று புள்ளியியலாளர்கள் லெயர்டும் வேரும் 1982இல் பயோமெட்ரிக்ஸ் இதழில் எழுதிவைத்தார்கள். அதற்கும் முன்னால் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹென்டர்சன் பால்மாடுகளுக்கு இதே கணக்கைப் போட்டார். ஒரு காளைக்கு நிறைய மகள்கள், இன்னொன்றுக்குக் கொஞ்சம். மகள்களின் பாலை வைத்துக் காளைக்கு மதிப்பெண் போட வேண்டும். சமமில்லாத எண்ணிக்கைதான் அவருக்குத் தினசரிப் பிழைப்பு. அந்தப் பிரச்சினைக்காகவே வளர்ந்த முறையை வைத்துக்கொண்டு, எண்ணிக்கை சமமில்லை என்று ஆட்களை வெளியே தள்ளுகிறோம்.

பிப்ரவரி 12

சராசரி பற்றிக் கேட்டதற்கு நேற்று பதில் சொல்லவில்லை. இரண்டே பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2 செஷன், சராசரி 80. இன்னொருவர் 20 செஷன், சராசரி 50.

எல்லா வரிகளையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் 52.7. இரண்டாமவர் முதலாமவரை விழுங்கிவிட்டார். ஆளுக்கு ஒரு சராசரி எடுத்து அவற்றின் சராசரி பார்த்தால் 65. இதில் 2 படிவத்தில் வந்த எண்ணுக்கும் 20 படிவத்தில் வந்த எண்ணுக்கும் ஒரே மரியாதை. மிக்ஸட் மாடல் நடுவில் நிற்கும். ஆளுக்கு ஆள் உள்ள மாறுபாடும் ஒரே ஆளுக்குள் செஷனுக்குச் செஷன் உள்ள மாறுபாடும் சமம் என்று வைத்தால், n தடவை வந்தவருக்கு எடை n/(n+1). முதலாமவருக்கு 0.67, இரண்டாமவருக்கு 0.95. இந்த எடைகளை வைத்துச் சராசரி எடுத்தால் 62.4 வரும்.

20 தடவை வந்தவருக்கு 2 தடவை வந்தவரைப்போலப் பத்து மடங்கு எடை இல்லை, ஒன்றரை மடங்குகூட இல்லை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் மனித குலத்தைப் பற்றித் தெரியவருவது ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது.

இதெல்லாம் மட்டத்துக்கு, அதாவது மதிப்பெண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கு. உங்களுக்கு வேண்டியது மாற்றம், அதாவது சரிவு: கோடு ஏறும் அல்லது இறங்கும் வேகம். அதில் ஆளுக்கு ஒரு சராசரி எடுத்த நிமிடமே மாற்றம் காணாமல் போய்விடுகிறதே, அதைக் கவனித்தீர்களா?

பிப்ரவரி 12, மதியம்

‘அப்போ ஒரே ஒரு செஷன் வந்தவரை?’ என்று கீழே பின்னூட்டத்தில் ஒருவர். அவரும் இருக்கட்டும். அவரிடமிருந்து சரிவு பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த மட்டத்தில் ஆட்கள் உள்ளே வருகிறார்கள், அதில் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு அவர் சாட்சி. அவரை வெளியே அனுப்பினால் தொடக்கப் புள்ளியே தங்கியவர்களுடையதாக மாறிவிடும்.

பிப்ரவரி 14

‘குறைவான புள்ளி உள்ளவருக்கு மாடல் எதையோ இட்டுக்கட்டுகிறதே’ என்று ஒரு குற்றச்சாட்டு. இட்டுக்கட்டவில்லை, கூட்டத்தின் பக்கம் இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

எல்எம்இ4 பொதியோடு வரும் தூக்கமின்மை டேட்டா எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 18 பேர், ஆளுக்கு 10 நாள், எதிர்வினை நேரம் மில்லிசெகண்டில். பொதுவான சரிவு நாளுக்கு 10.47, அதாவது நாளுக்கு நாள் எதிர்வினை தாமதமாகிறது. அதில் 335 என்ற எண்ணுள்ள ஆள் ஒருவர் உலகத்துக்கே எதிர்த்திசை. தூக்கம் கெடக் கெட வேகமாகிறார், அவருடைய சொந்தக் கோடு நாளுக்கு -2.88. மிக்ஸட் மாடல் அவருக்குத் தருவது -0.28. கூட்டத்தின் பக்கம் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறது, ஆனாலும் அவர் சொல்வதை நம்பியிருக்கிறது.

ஏன் நம்பியது? சரிவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் திட்டவிலக்கம் 5.92. மிச்சச் சத்தம், அதாவது ஒருவருடைய அளவுகள் அவர் கோட்டைச் சுற்றித் தற்செயலாக ஏறி இறங்குவது, 25.59. பத்து நாள் இருந்தால் ஒருவருடைய சொந்தச் சரிவின் நம்பகம் (1 என்றால் முழுக்க நம்பலாம், 0 என்றால் துளியும் இல்லை) சுமார் 0.8. அதே ஆளுக்கு முதல் நான்கு நாள் மட்டும் இருந்திருந்தால்? கணக்கு போட்டால் சுமார் 0.2. மூன்று நாளானால் 0.1க்கும் கொஞ்சம் கீழே. அப்போது 335இன் எதிர்த்திசைப் பேச்சை மாடல் கிட்டத்தட்டக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. நாமும் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆகவே ஆளுக்கு ஒரு கோடு போட்டு, அந்தச் சரிவுகளை எக்செல்லில் ஒரு பத்தியாக வைத்து, டி-டெஸ்ட் போடுகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். மூன்று புள்ளியில் வந்த சரிவும் 24 புள்ளியில் வந்த சரிவும் அங்கே ஒரே சாதி.

பிப்ரவரி 15

இதுவரை சொன்னதெல்லாம் எளிதான பாதி. எண்ணிக்கை வேறுபாட்டை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஏன் வேறுபட்டது என்பதை எந்த மென்பொருளும் பார்த்துக்கொள்ளாது. என்னிடம் டேட்டா கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ‘ஏன் நின்றார்கள்?’ என்றுதான். பெரும்பாலும் பதில் ‘தெரியலை சார், வரலை.’

உங்கள் விஷயத்தில் இது பாடப்புத்தக உதாரணம். ஓக்யூ-45இல் மதிப்பெண் 0 முதல் 180 வரை, கூடினால் கஷ்டம் கூட. 63ஐ ஒட்டி வெட்டுக்கோடு (அதற்குக் கீழே என்றால் இயல்பு நிலை), 14 புள்ளி மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது நின்றவர்களை யோசியுங்கள்.

ஒருவருக்கு மழை, தீபாவளி, வேலை மாற்றம், வீடு மாற்றம். மதிப்பெண்ணுக்கும் நின்றதற்கும் சம்பந்தமே இல்லை. கவலை வேண்டாம்.

இன்னொருவர் போன படிவத்தில் 55 எடுத்தார். தெரபிஸ்ட்டும் அவரும் பார்த்து ‘இனி போதுமே’ என்று முடித்தார்கள். நின்றதற்குக் காரணம் மதிப்பெண்தான், ஆனால் அந்த மதிப்பெண் உங்கள் கையில் இருக்கிறது. புள்ளியியலாளர் ரூபின் 1976இல் பிரித்துச் சொன்ன வகையில் இது காணாமல் போனதற்கான விளக்கம் கண்ட டேட்டாவிலேயே இருக்கும் ரகம். எல்லா வரிகளையும் உள்ளே விட்டு, மாடலும் சரியாக இருந்தால் மிக்ஸட் மாடல் தாங்கும்.

மூன்றாமவர் 70 எடுத்தார், வீட்டுக்குப் போனார், அந்த வாரம் நிலைமை படுமோசமானது, வரவேயில்லை. வந்திருந்தால் 110 எடுத்திருப்பார், அந்த 110 எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. இங்கே மாடல் ஏமாறும். எந்த மாடலும் ஏமாறும்.

உங்கள் டேட்டாவில் மூன்று ரகமும் கலந்திருக்கும், ஒரு ரகம் மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மையத்தில் கேஸ் முடிக்கும்போது ‘இருவரும் பேசி முடித்தது’, ‘தானாக நின்றது’ என்று ஏதாவது குறித்திருக்கிறார்களா என்று ஃபைலைப் புரட்டுங்கள். அந்த ஒரு நெடுவரிசை எந்தப் புது மாடலையும்விடப் பெறுமானம்.

ஜிஇஇ (ஆளுக்கு ஆள் கோடு போடாமல் கூட்டத்தின் சராசரிப் போக்கை மட்டும் கணக்கிடும் முறை) போடுகிறேன் என்று வருகிறவர்களுக்கு: லியாங்கும் ஜீகரும் 1986இல் கொடுத்த அந்த முறை முதல் ரகத்துக்குத்தான் நிம்மதியாகப் பொருந்தும். இரண்டாம் ரகத்துக்கு எடை போட்ட ஜிஇஇ வேண்டும். ராபின்ஸ், ராட்னிட்ஸ்கி, ஜாவ் மூவரும் 1995இல் சொன்னது.

பிப்ரவரி 17

வாசகி ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறார். கிடை அச்சில் செஷன் எண், நெடு அச்சில் அந்தச் செஷனுக்கு வந்தவர்களின் சராசரி. எட்டு வரை இறங்குகிறது, அப்புறம் தட்டையாகி, 15க்கு மேல் ஏறுகிறது. ‘நீண்ட தெரபி கெடுதலா?’ என்று கேள்வி.

பிராட்வேயில் கிளம்பும் டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே இருப்பவர்களின் சராசரி வயதைக் குறித்துக்கொண்டு போய், ‘தாம்பரம் வருவதற்குள் பயணிகளுக்குப் பத்து வயது கூடிவிட்டது’ என்று எழுதுவீர்களா? யாருக்கும் வயது கூடவில்லை. ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

15வது செஷனில் இருப்பவர்கள் முதல் செஷனிலேயே உயரத்தில் தொடங்கி மெதுவாக இறங்குகிறவர்களாக இருக்கலாம். அவர்களில் ஒருவர்கூட ஏறாமலே சராசரிக் கோடு ஏறும். இதைப் பார்க்க வேண்டுமானால் மொத்தச் செஷன் எண்ணிக்கைப்படி ஆட்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு கோடு வரையுங்கள். 2 முதல் 4, 5 முதல் 8, 9 முதல் 14, அதற்கு மேல். எல்லைகள் உங்கள் இஷ்டம். வரைபடத்தின் அடியில் ஒவ்வொரு செஷனிலும் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணையும் போடுங்கள். இது இல்லாத வரைபடத்தை நான் பார்ப்பதேயில்லை.

பிப்ரவரி 18

நான் எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டார். ‘பால்ட்வினும் மற்றவர்களும் 2009இல் இதைச் செய்துவிட்டார்களே. மொத்தச் செஷன் எண்ணிக்கையை மாடலில் போட்டால் முடிந்தது.’

பின்னணி தெரியாதவர்களுக்கு: ஹோவர்டும் சகாக்களும் 1986இல் பல ஆய்வுகளைச் சேர்த்து, 8 செஷனுக்குள் சுமார் பாதிப் பேரும் 26 செஷனுக்குள் சுமார் முக்கால்வாசிப் பேரும் தேறுகிறார்கள் என்று ஒரு வளைகோடு போட்டார்கள். மருந்து அளவு மாதிரி, கூடக் கூடப் பலன், ஆனால் வரவர மெதுவாக. பிறகு பார்க்கம் முதலானவர்கள் மாற்றிச் சொன்னார்கள்: ஆட்கள் தங்களுக்குப் போதும் என்ற மட்டத்துக்கு வந்ததும் நிற்கிறார்கள், சீக்கிரம் தேறுகிறவர் சீக்கிரம் நிற்கிறார், ஆகவே அந்த வளைகோடு ஆட்கள் இறங்குவதால் வந்தது. பால்ட்வின் குழு 4,676 பேரின் டேட்டாவில் மொத்தச் செஷன் எண்ணிக்கையையும் அதோடு சரிவு எப்படி மாறுகிறது என்பதையும் மிக்ஸட் மாடலில் போட்டார்கள். குறைந்த செஷன் வந்தவர்களின் சரிவு செங்குத்து, நிறைய வந்தவர்களுடையது சாய்வு. ‘போதும்’ என்ற தரப்புக்குச் சாதகம்.

நல்ல ஆய்வு, நானே வகுப்பில் காட்டுவேன். ஆனால் அதே மாடலைக் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் டேட்டாவில் போடுமுன் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். கணினியில் ஆட்களை உருவாக்குங்கள். எல்லாருக்கும் உண்மை நிலை 70, யாருக்கும் எந்த மாற்றமும் இல்லை, செஷனுக்குச் செஷன் சத்தம் மட்டும். விதி ஒன்று: மதிப்பெண் முதல் தடவை 63க்குக் கீழே வந்ததும் ஆள் நிற்கிறார். இப்போது மொத்தச் செஷன் எண்ணிக்கைப்படி சரிவைப் பாருங்கள். இரண்டில் நின்றவர்கள் செங்குத்தாக விழுந்திருப்பார்கள், ஐந்தில் நின்றவர்கள் சாய்வாக, பன்னிரண்டில் நின்றவர்கள் ஏறத்தாழத் தட்டையாக. யாருமே தேறாத உலகத்தில் ‘சீக்கிரம் தேறுகிறவர் சீக்கிரம் நிற்கிறார்’ என்று பிரமாதமான முடிவு.

காரணம் எளிது. கடைசிப் புள்ளி அதிர்ஷ்டமான தாழ்வாக இருப்பதால்தான் அது கடைசிப் புள்ளி ஆயிற்று. புள்ளிகள் குறைவாக இருந்தால் அந்த ஒரு புள்ளி கோட்டையே இழுத்துக்கொண்டு போகும்.

பிப்ரவரி 18, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பால்ட்வின் முடிவு தவறு என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் ஒரு பங்கு நிற்கும் விதியிலிருந்தே வரமுடியும் என்கிறேன். எவ்வளவு பங்கு என்பது சத்தத்தின் அளவையும் விதியின் கடுமையையும் பொறுத்தது. உண்மையான ஆட்கள் ஒரு படிவத்தை மட்டும் பார்த்து நிற்பதில்லை.

இன்னொன்று: அதே பொம்மை உலகத்தில் மொத்த எண்ணிக்கையைப் போடாமல், எல்லா வரிகளையும் விட்டுச் சாதாரண மிக்ஸட் மாடல் போட்டால் சரிவு பூஜ்யத்தை ஒட்டியே வரும். நின்றதற்கான காரணம் கண்ட மதிப்பெண்ணில் இருக்கிறதல்லவா, 15ஆம் தேதி சொன்ன இரண்டாம் ரகம். கெட்டிக்காரத்தனமாகக் கூடுதலாக ஒன்றைச் சேர்த்ததால்தான் ஏமாந்தோம். மொத்தச் செஷன் எண்ணிக்கை என்பது மூன்றாவது செஷனில் இருக்கும் ஆளுக்கு இன்னும் நடக்காத எதிர்காலம். விவரித்துக் காட்ட அது உதவும். முன்கூட்டிச் சொல்ல உதவாது, காரணம் என்று கைகாட்டவும் உதவாது.

முதல் மதிப்பெண் கழித்தல் கடைசி மதிப்பெண் என்று போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். பொம்மை உலகத்தில் முதல் செஷனுக்குப் பிறகு நின்றவர்கள் எல்லாருமே தேறியவர்களாகத் தெரிவார்கள்.

பிப்ரவரி 21

அச்சு. செஷன் எண்ணா, வாரமா? ஒருவர் வாராவாரம் வருகிறார், இன்னொருவர் மாதம் ஒருமுறை. 6வது செஷன் என்பது முதலாமவருக்கு ஒன்றரை மாதம், இரண்டாமவருக்கு அரை வருடம். தானாகவே காலம் ஆற்றும் பங்கும் தெரபி ஆற்றும் பங்கும் இங்கே குழம்பும். தேதி இருந்தால் இரண்டையும் கட்டி வையுங்கள். எது உங்கள் கேள்வியோ அதை அச்சாக்குங்கள், மற்றதை உள்ளே போட முடிகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொருவர் பயணத்தையும் 0 முதல் 100 விழுக்காடாக நீட்டிச் சுருக்கி ஒன்றன்மேல் ஒன்று வைப்பதும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் பாதி தூரம் என்பது எது என்று முடிவு தெரிந்த பிறகுதான் தெரியும், 18ஆம் தேதி சொன்ன அதே எதிர்காலம்.

அடுத்தடுத்த அளவுகள் ஒட்டிக்கொண்டு போகும் என்று நினைத்து ஏஆர்1 போடுகிறவர்கள்: அது சம இடைவெளிக்கு. தேதிகள் தாறுமாறாக இருந்தால் ஆர்-இன் என்எல்எம்இ பொதியில் தொடர்கால வடிவம் இருக்கிறது. எல்எம்இ4இல் மிச்சத்துக்கு இந்த வசதி இல்லை.

பிப்ரவரி 22

ஒரு கிளைக்கதை. பிசியோதெரபி டேட்டா ஒன்று பார்த்தபோது, இரண்டே செஷன் வந்தவர்கள் சந்தேகப்படும்படி நிறைய. ‘கிராமத்து ஆட்கள் சார், வலி குறைஞ்சதும் நின்னுடுவாங்க’ என்றார்கள். நம்பும்படியான கதைதான். பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கிப் பார்த்தால், ஒரே ஆள் இனிஷியல் முன்னால் போட்டு ஒருமுறை, பின்னால் போட்டு ஒருமுறை, இனிஷியலே இல்லாமல் ஒருமுறை. ஒவ்வொரு தடவை ரசீது போடும்போதும் புது நம்பர். வயது மட்டும் மூன்று இடத்திலும் மூன்று விதம்.

மாடலுக்கு அந்த ஆள் மூன்று பேர். மூவரும் ‘சீக்கிரம் நின்றவர்கள்’. இரண்டாமவரும் மூன்றாமவரும் ஏற்கெனவே பாதி தேறிய நிலையில் ‘தொடங்குகிறார்கள்’. இதற்கு எந்தப் புள்ளியியலும் மருந்து இல்லை. மாதமும் நாளும் இடம் மாறிய தேதிகள் தனி அத்தியாயம். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆனால் செஷன் வரிசையே கலைந்துவிடும். மாடலுக்குள் போகுமுன், இரண்டு செஷனுக்கு நடுவே உள்ள நாட்களைக் கணக்கிட்டு எதிர்மறை எண் வருகிறதா என்று பாருங்கள். வரும்.

பிப்ரவரி 25

‘விட்டுப்போனவர்கள் எப்படியும் மோசமானவர்கள்தானே’ என்ற நம்பிக்கை இந்த இழையிலும் தலைகாட்டுகிறது. ஒரு டேட்டா சொல்கிறேன். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் நடத்திய மனச்சிதைவு மருந்து ஆய்வு. 437 பேர், 108 பேருக்கு வெற்று மாத்திரை, 329 பேருக்கு மருந்து. முக்கியமாக 0, 1, 3, 6 வாரங்களில் அளவு. வெற்று மாத்திரைக்காரர்களில் 70 பேரும் மருந்துக்காரர்களில் 265 பேரும் கடைசி வரை இருந்தார்கள். அதாவது வெற்று மாத்திரையில் விட்டுப்போனவர் சுமார் 35 விழுக்காடு, மருந்தில் சுமார் 19.

ஹெடக்கரும் கிப்பன்ஸும் 1997இல் விட்டுப்போனவர், தங்கியவர் என்று ஒரு அடையாளத்தை மாடலில் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்து விட்டுப்போனவர்கள் தங்கியவர்களைவிட வேகமாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். வெற்று மாத்திரையில் விட்டுப்போனவர்கள் தேறுதல் குறைவு. ஒரே ஆய்வு, ஒரே வார்டு வாழ்க்கை, விட்டுப்போன காரணம் மட்டும் இரண்டு பக்கமும் நேர் எதிர். ஆறு வாரமும் இருந்தவர்களை மட்டும் எடுத்திருந்தால் மருந்தின் வித்தியாசம் குறைத்துத் தெரிந்திருக்கும்.

இது 18ஆம் தேதி நான் திட்டியதற்கு ஒப்பான மாடல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், உறவுக்காரன்தான். நோக்கம் வேறு. அங்கே ‘எத்தனை செஷன் வந்தால் எவ்வளவு வேகம்’ என்பதே முடிவாகிவிட்டது. இங்கே முடிவு மருந்தா வெற்று மாத்திரையா என்பது, அதுவும் குலுக்கிப் போட்டுப் பிரித்தது. விட்டுப்போனதைச் சேர்த்தாலும் அந்த முடிவு நிற்கிறதா என்று உரசிப் பார்க்கிறார்கள். கடைசியில் இரண்டு வகையினரையும் அவரவர் விகிதப்படி மறுபடி கலந்து ஒரே விடையாக்கலாம்.

மார்ச் 2

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். கவுன்சலிங்கில் நிறைய வருவதும் குறைய வருவதும் ஆளின் தேர்வு. ஆஸ்பத்திரி டேட்டாவில் நோய்தான் வரவழைக்கும். ஆர்-இல் கிடைக்கும் மேயோ கிளினிக் கல்லீரல் டேட்டா: 312 பேர், 1,945 வரிகள், ஆளுக்குச் சராசரி ஆறு சொச்சம். அட்டவணைப்படி 6 மாதம், 1 வருடம், பிறகு வருடத்துக்கு ஒன்று. இதில் ஒருவருக்கு வரிகள் குறைவு என்றால் என்ன அர்த்தம்? சீக்கிரம் இறந்திருக்கலாம். அல்லது 1974இல் தொடங்கிய ஆய்வில் தாமதமாகச் சேர்ந்து, நன்றாகவே இருக்கலாம். ஒரே எண்ணிக்கைக்கு இரண்டு தலையெழுத்து. இங்கே எண்ணிக்கையைத் தொடாமல், இரத்த அளவுகளின் போக்கையும் சாவு வரும் வேகத்தையும் ஒரே மூச்சில் கட்டும் கூட்டு மாடல்தான் பழக்கம்.

பல் டேட்டாவில் இன்னும் வேடிக்கை. ஈறு கெட்டவருக்குப் பல்லே கொஞ்சம்தான் மிச்சம். ‘சராசரிப் பல்’ எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஆரோக்கியமானவர்களின் 28 பல்லும் வாக்களித்துவிடும். ‘சராசரி ஆளின் பல்’ எப்படி என்றால் விடை வேறு. வில்லியம்சன், தத்தா, சாட்டன் 2003இல் இதற்கு ஆளுக்குள் எண்ணிக்கையால் வகுத்த எடை கொடுத்தார்கள். உங்கள் கேள்வி செஷனைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? மையத்தின் வேலைச்சுமை என்றால் செஷன். கவுன்சலிங்குக்கு வருகிறவர் என்றால் ஆள்.

மார்ச் 5

வாசகியின் கைடு, ‘குறைந்தபட்சம் எத்தனை செஷன் வேண்டும் என்று ஒரு கட்டுரையைக் காட்டு’ என்கிறாராம். குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. சரிவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கணக்கிட, மூன்றும் அதற்கு மேலும் வந்தவர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். எல்லாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. அந்த ஆட்கள் போதாவிட்டால் எல்எம்இ4 ‘சிங்குலர்’ என்று புலம்பும், அதாவது அந்த வேறுபாட்டைக் கணக்கிடத் தகவல் போதவில்லை என்று.

அவரைச் சமாதானப்படுத்த வழி: அவர் சொன்ன ஆறு செஷன் அனோவாவையும் போட்டு, மிக்ஸட் மாடலையும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அனோவாவில் தங்கியவர்கள் முதல் செஷனில் எத்தனை மதிப்பெண், வெளியே போனவர்கள் எத்தனை என்று ஒரு சின்ன அட்டவணை. வைவாவில் வெளியிலிருந்து வருகிறவர் அந்த அட்டவணையைத்தான் கேட்பார், அப்போது உங்கள் கைடும் உங்கள் பக்கம் இருப்பார்.

ஆய்வேட்டில் எழுத: எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை செஷன் என்பதன் நடுமதிப்பும் வீச்சும், நின்றதற்குப் பதிவான காரணங்கள், எந்த அச்சு, ஏன். பிறகு ஒரு உரசல். தானாக நின்றவர்களுக்கு நின்றபின் மதிப்பெண் மாடல் சொல்வதைவிட 5 கூடுதல் என்று வைத்தால் முடிவு மாறுகிறதா? 10? 14? எந்த இடத்தில் முடிவு கவிழ்கிறதோ அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். அந்த அளவு மோசமாகியிருப்பார்களா என்பதைத் தெரபிஸ்ட்டுகளிடம் கேட்கலாம், அவர்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

மார்ச் 9

‘கடைசி மதிப்பெண்ணையே மீதிச் செஷன்களுக்கும் நிரப்பிவிட்டால் எல்லாருக்கும் 24 ஆகிவிடுமே’ என்று புதிதாக ஒருவர். பொம்மை உலகத்துக்குத் திரும்பப் போங்கள். அந்த அதிர்ஷ்டத் தாழ்வை எடுத்து, மீதி வரிகள் முழுக்க ஒட்டுகிறீர்கள். நிரப்பிய எண்ணில் சத்தமே இல்லாததால் பிழை அளவும் பொய்யாகச் சுருங்கும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2010 அறிக்கையில் இதை முதன்மை முறையாக வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. இன்னும் கேட்கிறார்கள், எஸ்பிஎஸ்எஸ் அட்டவணை ஓட்டையில்லாமல் சதுரமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பன்மடங்கு நிரப்பல் (காலி இடங்களைத் தற்செயல் வேறுபாட்டோடு பலமுறை நிரப்பி விடைகளைச் சேர்ப்பது) வேறு விஷயம், அது நேர்மையானது. ஆனால் விளைவு மாறியில் (இங்கே மதிப்பெண்ணில்) மட்டும் ஓட்டை இருந்து, மிக்ஸட் மாடலில் உள்ள அதே தகவலை வைத்து நிரப்பினால் கிட்டத்தட்ட அதே விடைதான் வரும். நின்ற காரணம் போன்ற கூடுதல் தகவல் கையில் இருந்தால் அப்போது உழைப்புக்குப் பலன் உண்டு.

மார்ச் 10

வாசகிக்கு: நீங்கள் அனுப்பிய புது ஃபைலில் 24 செஷன் வந்தவருக்கு 9வதும் 10வதும் ஒரே தேதி, ஒரே மதிப்பெண். அதை முதலில் மையத்தில் கேளுங்கள். கேஸ் முடிவுக் காரணம் பாதிக்கு மேல் நிரம்பியிருப்பது நல்ல செய்தி. ‘மற்றவை’ என்று போட்டிருப்பவர்களின் குறிப்புகளைத் திறந்து படிக்க அனுமதி கிடைக்குமா?